டேங்கு பெரியதா, பாதை நல்லதா?

டிராக்டர் வாங்க எண்ணும் விவசாயி விற்பனையாளரிடம் கேட்கும் முதல் கேள்விகளில் "டேங்கு எத்தனை லிட்டர் பிடிக்கும்?" என்பதும் ஒன்று. அவரும் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல, "ஒரு தடவை நிரப்பினால் நாள் முழுக்கப் பங்க் பக்கமே போகவேண்டாம்" என்று பதில் சொல்லுகிறார். டிராக்டரை வாடகைக்குப் பேசும் சிறு விவசாயியும் இதே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார். "டேங்கு நிரம்பப் போட்டுக் கொடுத்தேன், மூன்று நடைக்கு மேல் வரவில்லை" என்று குறைபட்டுக்கொள்ளுகிறார். இருவருமே பார்க்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தைப் பார்க்கிறார்கள் என்பது என் கருத்து.

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். நெல்லும் மணிலாவும் கரும்பும் விளைகிற பூமி. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் நெடுஞ்சாலை ஊரின் வழியாகவே செல்கிறது. மேற்கே திருவண்ணாமலை, கிழக்கே செஞ்சி, இரண்டும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். இரண்டு ஊர்களிலும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் உண்டு. ஆகவே நெல் மூட்டையை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிறவருக்குத் தூரம் ஒரு பெரிய பிரச்சினை அல்ல. சாதாரணமாக நம் டிராக்டர்களின் டேங்கு 45 லிட்டரிலிருந்து 60 லிட்டர் வரை பிடிக்கும். இந்தத் தூரத்துக்கு அது தாராளம். அப்படியிருந்தும் டீசல் எங்கே போகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிராக்டர் 2 டன், காலி டிரெய்லர் ஒன்றரை டன், 75 கிலோ மூட்டை 80 ஏற்றினால் அது 6 டன். ஆக மொத்தம் ஒன்பதரை டன் உருளவேண்டும். நல்ல தார்ச்சாலையில் 100 கிலோ எடையை உருட்டுவதற்குச் சுமார் 2 கிலோ இழுவிசை போதும். காய்ந்த மண்பாதையில் 4 கிலோ வேண்டும். மழையில் ஊறிய வண்டிப்பாதையில் அதுவே 8, 10 கிலோ என்று ஏறிவிடும். சக்கரம் புதைந்துவிட்டால் அதற்கும் மேல். ஏரிக்கரை மேல் ஏறும் இடத்தில், 20 அடிக்கு 1 அடி உயர்ந்தால், ஒவ்வொரு 100 கிலோவுக்கும் இன்னும் 5 கிலோ கூடுகிறது.

டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் கொடுப்பதற்கு 200 முதல் 250 மில்லி டீசல் எடுத்துக்கொள்ளும். இதை வைத்துப் பார்த்தால், ஒன்பதரை டன்னைத் தார்ச்சாலையில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்க 15, 16 குதிரைத்திறன் போதும். மணிக்கு 4 லிட்டர் ஆகும். அதாவது லிட்டருக்கு நாலரைக் கிலோமீட்டர். காய்ந்த மண்பாதையில் வேகம் 10 கிலோமீட்டராகக் குறையும், லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் வந்தால் அதிகம். ஊறிய பாதையில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் சக்கரம் வழுக்கி வழுக்கிப் போகும்போது மணிக்கு 6 லிட்டர் குடித்து 6 கிலோமீட்டர்தான் நகரும். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர்! கழனியிலிருந்து நெடுஞ்சாலை வரை உள்ள அந்த ஒரு கிலோமீட்டர், தார்ச்சாலையில் நாலரைக் கிலோமீட்டர் போவதற்குச் சமம். டிராக்டருக்கு டிராக்டர், டயருக்கு டயர் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் நான்கு மடங்கு என்ற விகிதம் பெரிதாக மாறாது.

மாட்டுவண்டி ஓட்டிய தலைமுறைக்கு இதை யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. சேற்றுப் பாதையில் மாடு நுரை தள்ளினால், பாரத்தைக் குறைத்தார்கள், அல்லது இன்னொரு ஜோடியைப் பூட்டினார்கள், அல்லது அடுத்த நாளே பாதையில் மண் கொட்டினார்கள். டிராக்டர் நுரை தள்ளுவதில்லை. புகை மட்டும் கருப்பாக வருகிறது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளுவதில்லை.

வெளிநாடுகளில் ஜீப் போன்ற பெரிய கார்களின் பின்னால் வீட்டு வண்டியையும் படகையும் கட்டி இழுத்துச் செல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் இதே கவலைதான். இழுவை இல்லாமல் ஓடிய தூரத்தில் பாதிதான் வருகிறது என்று கண்டு, கூடுதல் டேங்கு பொருத்திக்கொள்ளுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் நல்லார்போர் சமவெளியைக் கடக்கும் சாலையில் இரண்டு பங்குகளுக்கு நடுவே 100, 200 கிலோமீட்டர் இருக்கும்போது பெரிய டேங்கு வைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. இன்னொரு வேற்றுமையும் உண்டு. மணிக்கு 90, 100 கிலோமீட்டரில் போகிற காருக்கு எதிரி காற்று. உயரமான வீட்டு வண்டி காற்றைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும், வேகம் ஏற ஏற அந்தத் தடை பல மடங்காகும். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும் நம் டிராக்டருக்குக் காற்று ஒரு பொருட்டே அல்ல. இதற்கு எதிரி எடையும் தரையும்தான். அவர்கள் வேகத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்கலாம். நாம் பாதையைச் சரிசெய்துதான் மிச்சம் பிடிக்கவேண்டும்.

நின்றுகொண்டே குடிக்கும் டீசல் என்று ஒன்று இருக்கிறது. விற்பனைக்கூட வாசலில், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், கரும்பு ஆலை முற்றத்தில் வரிசையில் நிற்கும் டிராக்டர்களைப் பாருங்கள். பலவற்றில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். டிரைவரைக் கேட்டால், "அணைத்தால் செல்ப் எடுக்காது, தள்ளிவிட ஆள் வேண்டும்" என்பார். பேட்டரி செத்துப்போய் ஒரு வருடம் ஆகியிருக்கும். பாரமில்லாமல் ஓடும் எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். நான்கு மணி நேரம் நின்றால் 4 லிட்டர். அந்த 4 லிட்டரில் ஏற்றிய பாரத்தோடு 18 கிலோமீட்டர் போயிருக்கலாம். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு தடவை காத்திருப்பதற்கு 360 ரூபாய். இப்படி இருபது தடவை நின்றால் புதுப் பேட்டரி வாங்கும் பணம் புகையாகப் போய்விடும். பேட்டரி வாங்கக் காசில்லை என்று சொல்லுகிறவர் அந்தக் காசைத் தவணை தவணையாகப் பங்கில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் பௌர்ணமியையும் பார்த்துக்கொள்ளவேண்டும். கிரிவலத்துக்கு வரும் கூட்டத்தால் நகருக்குள் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். கார்த்திகை தீப நாட்களில் கேட்கவே வேண்டாம். அன்று பாரம் ஏற்றிக்கொண்டு கிளம்பி, ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டு, எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பதில் என்ன லாபம்? ஒரு நாள் தள்ளிப் போகலாம், அல்லது செஞ்சிப் பக்கம் விலை விசாரித்துக்கொண்டு போகலாம்.

ஆக, திருவண்ணாமலைக்கு ஒரு நடை என்றால், ஊறிய பாதை 2 கிலோமீட்டருக்கு 2 லிட்டர், தார்ச்சாலை 18 கிலோமீட்டருக்கு 4 லிட்டர், காத்திருப்பு 4 லிட்டர், காலியாகத் திரும்பிவர 3 லிட்டர். மொத்தம் 13 லிட்டர். "நாலரைக் கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி" என்று சொல்லி வாங்கிய டிராக்டர், போகவர 40 கிலோமீட்டருக்குக் கணக்குப் பார்த்தால் மூன்று கிலோமீட்டர்தான் கொடுக்கிறது. 50 லிட்டர் டேங்கில் மூன்று நடை போனதும் நான்காவது நடைக்கு அடிமட்டம் தெரிந்துவிடும். டேங்கை 70 லிட்டராக்கினால் இந்த 13 லிட்டர் 12 ஆகப்போவதில்லை. பங்குக்குப் போகும் நாள் ஒன்றிரண்டு தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

சிலர் நேர்மாறாக, பெரிய டேங்கை நிரப்பினால் அந்த எடையால் டீசல் கூடுதலாகச் செலவாகும் என்கிறார்கள். அதுவும் சரியல்ல. டீசல் லிட்டருக்கு 830 கிராம் சுமாராக எடையிருக்கும். 50 லிட்டர் 42 கிலோதான். ஒன்பதரை டன்னில் அது ஒரு மூட்டை கூட இல்லை. பெரிய டேங்கின் உண்மையான சுமை முதலீடு. 50 லிட்டருக்கு 4500 ரூபாய் டேங்கில் முடங்கிக்கிடக்கும். பெரிய பண்ணைக்கு அது தெரியாது. பத்து லிட்டர், பத்து லிட்டராக வாங்கி ஓட்டுகிற இரண்டு ஏக்கர்க்காரருக்கு அந்தப் பணத்தில் ஒரு நடவுச் செலவின் பகுதி இருக்கிறது.

அதற்காக டேங்கை அடிமட்டம் வரை காயவிடுவதும் கூடாது. அடியில் தண்ணீரும் கசடும் தங்கியிருக்கும். டேங்கு காய்ந்தால் குழாயில் காற்று புகும். பிறகு பில்டரிலும் பம்பிலும் உள்ள திருகுகளைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினால்தான் எஞ்சின் கிளம்பும். இரவில், ஏரிக்கரை மேல், பாரத்தோடு நின்றுகொண்டு இதைச் செய்வது சிரமம். கால்பங்குக்குக் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வதும், வேலை முடிந்த மாலையிலேயே நிரப்பிவைப்பதும் நல்லது. காலி டேங்கில் இரவின் ஈரக்காற்று நீராகப் படியும். சிறு விவசாயியால் முழுவதும் நிரப்ப முடியாது என்றால், வடிகட்டித் துணியோடு ஒரு சுத்தமான கேன் வீட்டில் இருக்கட்டும்.

தன் டிராக்டர் எவ்வளவு குடிக்கிறது என்பதை ஒவ்வொருவரும் தாமே அளந்துகொள்ளலாம். முள்ளை நம்பவேண்டாம். டேங்கின் வடிவம் மேலும் கீழும் ஒன்றுபோல் இல்லாததால், முள் பாதியில் நின்றால் டீசல் பாதி இருக்கிறது என்று பொருளல்ல. வண்டி சாய்வாக நின்றாலும் முள் பொய் சொல்லும். சமதரையில் நிறுத்தி, கழுத்து வரை நிரப்பிவிட்டு வேலைக்குப் போகவேண்டும். திரும்பிவந்து அதே இடத்தில் நிறுத்தி, அதே கழுத்து வரை நிரப்பினால், உள்ளே போன லிட்டர்தான் அன்றைய செலவு. உழவு ஒரு நாள், பாரம் ஒரு நாள், சேற்றுழவு ஒரு நாள் என்று தனித்தனியாகப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவைத்தால் போதும். மணி மீட்டரையும் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பல டிராக்டர்களில் அந்த மீட்டர் எஞ்சின் சுற்றும் வேகத்தைப் பொறுத்து ஓடுகிறது. மெதுவாக ஓடும்போது கடிகாரத்தில் ஒரு மணி ஆனாலும் மீட்டரில் ஒரு மணி ஆகியிருக்காது.

வாடகைத் தகராறுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. "டீசல் உங்களுடையது, வண்டி எங்களுடையது" என்று பேசி, டேங்கை நிரப்பிக் கொடுக்கச் சொல்லுகிறார்கள். நிரப்பும்போது உள்ளே எவ்வளவு இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. வேலை முடிந்ததும் எவ்வளவு மிச்சம் என்றும் பார்ப்பதில்லை. இதில் ஏமாறுகிறவர் எப்போதும் வாடகைக்கு எடுத்தவர் என்று சொல்லமாட்டேன். வழி கெட்டுக்கிடக்கும் கழனிக்கு நல்ல பாதைக்கு உள்ள வாடகையைப் பேசிவிட்டு, சேற்றில் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிய டிராக்டர்காரரும் நட்டப்படுகிறார். அடுத்த வருடம் அந்தக் கழனிக்கு அவர் வருவதில்லை. அறுவடை இயந்திரம் நெல்லைக் கொட்டிவிட்டுப் போன பிறகு, மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டு டிராக்டருக்கு அலைகிறவர் அந்தச் சிறு விவசாயிதான். ஆகவே கழுத்திலிருந்து கழுத்து வரை அளந்து கொடுப்பது, இல்லாவிட்டால் நடைக்கு இவ்வளவு என்று டீசலையும் சேர்த்துப் பேசுவது, அதிலும் காய்ந்த பாதைக்கு ஒரு விலை, ஊறிய பாதைக்கு ஒரு விலை என்று முன்கூட்டியே பேசிவிடுவது, இருவருக்கும் நல்லது. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை மணிக்கணக்கில்தான் வாடகைக்கு விடுகிறது. அதில் டேங்கு பற்றிய பேச்சே எழுவதில்லை.

வாங்கப்போகிறவருக்கு ஒரு வார்த்தை. டேங்கின் அளவைக் கேட்பதற்குப் பதிலாகச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டத்தில் கார்லதின்னேயிலும் அப்படி ஒரு நிலையம் உண்டு. எவ்வளவு பாரத்துக்கு மணிக்கு எத்தனை லிட்டர் என்பதை அளந்து எழுதுகிறார்கள். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மட் குரோசியர் என்ற விவசாயி, விளம்பரத்தை நம்பி வாங்கிய டிராக்டர்களால் நொந்துபோய், சட்டமன்ற உறுப்பினரானதும் சோதனை செய்யாத டிராக்டரை மாநிலத்தில் விற்கக்கூடாது என்று 1919-ல் சட்டமே கொண்டுவரச் செய்தார். நூறு வருடம் தாண்டிவிட்டது. நம் ஊர்க் கடைகளில் வண்ணப் படம் போட்ட தாள் கிடைக்கிறது. சோதனை அறிக்கையின் முக்கியமான ஒரு பக்கத்தைத் தமிழில் அச்சிட்டுக் கடையில் தொங்கவிடவேண்டும் என்று அரசு உத்தரவு போட்டால் என்ன?

டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு காரியத்தை மட்டும் செய்யவேண்டாம். ஏரிக்கரை இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு உருளவிடுகிறார்கள். பல டிரெய்லர்களில் பிரேக் இல்லை, இருந்தாலும் பிடிப்பதில்லை. பின்னால் ஏழரை டன் தள்ளும்போது டிராக்டரின் பிரேக் மட்டும் அதைத் தாங்காது. வண்டி குறுக்கே மடங்கிக் கவிழும். அந்த இறக்கத்தில் மிச்சமாவது ஒரு டம்ளர் டீசல். ஏறின கியரிலேயே இறங்கவேண்டும். மிச்சம் பிடிக்க நியாயமான வழிகள் இருக்கின்றன. சமமான சாலையில் மேல் கியர் போட்டு எஞ்சினை மெதுவாக ஓடவிடலாம், டிரெய்லர் டயரில் காற்றைச் சரியாக வைக்கலாம், சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்து இறுக்கம் இருந்தால் பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கலாம்.

கரும்புக்காரர்களின் நிலை சற்று வேறு. முண்டியம்பாக்கம் ஆலையைப் போல 50 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டிய ஆலை என்றால், போக 12 லிட்டர், வர 7 லிட்டர், ஆலை முற்றத்தில் அடிக்கு அடி நகரும் செலவு தனி. அதற்கும் இருக்கிற டேங்கு போதும். அங்கே நட்டம் டீசலில் மட்டும் இல்லை. வெட்டிய கரும்பு 24 மணி நேரத்துக்குள் அரவைக்குப் போகவேண்டும், நிற்க நிற்க எடையும் சர்க்கரையும் குறையும். வழியில் வண்டி புதைந்து அரை நாள் போனால் அந்த நட்டம் விவசாயியின் எடைச் சீட்டில் ஏறுகிறது.

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு எடுத்துவிட்டது. 2017 ஜூனிலிருந்து விலை நாளுக்கு நாள் நிர்ணயம் ஆகிறது. நம் கையில் விலை இல்லை. கையில் இருப்பது வண்டிப்பாதை. ஒரு பாதையில் போகத்துக்கு 100 நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊறிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தார்ச்சாலையைவிட முக்கால் லிட்டர் அதிகம் ஆகிறது. 75 லிட்டர், 6750 ரூபாய், ஒரே போகத்தில். புதைந்த வண்டியை இழுக்க வந்த இரண்டாவது டிராக்டரின் கூலியும், சிந்திய நெல்லும் இதில் சேரவில்லை.

தார் போடவேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் பாதைகள் கெடுவது பெரும்பாலும் தண்ணீர் நிற்பதால்தான். வாய்க்கால் பாதையைக் கடக்கும் இடத்தில் சிமெண்டுக் குழாய் இல்லை. நடுவை உயர்த்தி இரு பக்கமும் சரித்துவிடவில்லை. ஓரத்தில் வடிகால் இல்லை. இரண்டு மூன்று குழாயும் சில லோடு கிராவலும் இருந்தால் பல பாதைகள் பிழைக்கும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வரப்பை ஒட்டி உழும்போது பாதையில் ஒரு முழம், அடுத்த போகத்தில் இன்னொரு முழம் என்று கழனியோடு சேர்த்துக்கொண்டவர்கள் நம்மில்தான் இருக்கிறார்கள். வரைபடத்தில் வண்டி போகும் அகலம் இருக்கிறது, தரையில் இல்லை. அதை விட்டுக்கொடுக்காமல் ஊராட்சியைக் குறைசொல்லிப் பயனில்லை.

கீழ்பென்னாத்தூர் பேரூராட்சி. சுற்றியுள்ள கிராமங்கள் ஊராட்சிகள். ஊராட்சிகளில் அக்டோபர் 2-ம் தேதியும் நவம்பர் 1-ம் தேதியும் கிராம சபை கூடும். சம்பா அறுவடைக்கு முன்னால் வரும் கூட்டங்கள் இவை. பாதையின் சர்வே எண், நீளம், அதன் வழியாகப் பயன்பெறும் குடும்பங்கள், போகத்துக்கு எத்தனை நடை, குழாய் வேண்டிய இடங்கள் எவை என்று ஒரே தாளில் எழுதி, பாதையோரக் கழனிக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். டிராக்டர் வைத்திருப்பவர்களையும் கூட அழைத்துப்போங்கள். நோட்டில் எழுதிவைத்த லிட்டர் கணக்கு அவர்களிடம் இருக்கும்.